மிக்-21 கண்ணாடிக்குள் என் கட்டைவிரல் ரேகை

2023 டிசம்பர் 20, காலை. வெள்ளம் வடிய ஆரம்பித்திருந்தது, கரண்ட் இன்னும் வரவில்லை. நாலு மாதமாக இரவெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த மிக்-21 போர் விமான மாடலை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வெளியே எடுத்தேன். விமானி தலைக்கு மேலே வரும் கண்ணாடிக் கூண்டு, பால் குடித்துக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. துடைத்தேன், போகவில்லை. வெளிப்பக்கம் சுத்தம், வெளுப்பு உள்ளே. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் அந்த வெளுப்புக்கு நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, பத்திரப் பதிவு ஆபீசில் மை தொட்டு வைத்த மாதிரி அத்தனை துல்லியமாக. என்னுடையதுதான்.

வந்த எரிச்சலில் டப்பாவோடு பீரோ மேலே தூக்கிப் போட்டேன். ஒன்றே முக்கால் வருடம் அங்கேயே கிடந்தது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விமானப்படை மிக்-21-க்கு விடை கொடுத்ததை டிவியில் காட்டினார்கள். 1963-இல் வந்த விமானம், 62 வருடம் பறந்து ஓய்வு பெறுகிறது, நான் செய்தது முதல் மழைக்கே ஓய்வு பெற்றுவிட்டதே என்று ஒரு வெட்கம். அன்று ராத்திரியே இறக்கினேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரி செய்தேன் என்பதை முழுசாக எழுதிவைக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தது

செக் நாட்டுத் தயாரிப்பு, 1/48 அளவு, மிக்-21-இல் பிஸ் என்கிற ரகம். நிஜ விமானத்தில் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 7.15 மீட்டர். மாடலில் அது 149 மில்லிமீட்டர், பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்சில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் நீளம். அதற்குள் ஒரு விமானி அறை, அந்த அறைக்குள் டயல், சுவிட்ச், பெடல், பெல்ட்.

இங்கேதான் போட்டோ எட்ச் தகடு, அதாவது ரசாயனத்தில் அரித்துப் பாகங்களை வெட்டியெடுத்த மெல்லிய உலோகத் தகடு, தேவைப்படுகிறது. பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்ப்பதால் ஓரளவுக்கு மேல் மெல்லிசாக்க முடியாது. அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பெல்ட் வார்த்தால் நிஜக் கணக்கில் அது 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு அங்குலப் பலகை. பலகையைக் கட்டிக்கொண்டு யாரும் பறக்க மாட்டார்கள். தகடு 0.1 மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 4.8. அதுவும் கொஞ்சம் தடிமன்தான், ஆனால் கண் மன்னித்துவிடும்.

செய்யும் விதம் பாலிடெக்னிக்கில் பிசிபி என்கிற மின்சுற்று போர்டு போட்டவர்களுக்குப் பழக்கமானது. தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகும் பூச்சு பூசி, வரைபட ஃபிலிமை மேலே வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, இறுகாத பூச்சைக் கழுவிவிட்டு, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள். மூடாத இடத்து உலோகம் கரைந்துபோகும், மூடிய இடம் பாகமாக மிஞ்சும். மடிக்க வேண்டிய கோட்டில் மட்டும் ஒரு பக்கமாக அரித்து, பாதி ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளம் மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வெளியே வைத்து மடித்தால் முறிந்துவிடும், நான் ஒன்றை முறித்தேன்.

என் பெட்டியில் இரண்டு தகடு. டயல் பேனல், பக்கவாட்டுச் சுவிட்ச் வரிசை, இருக்கை பெல்ட்டுகள் எல்லாம் கலர் அச்சடித்த எஃகு. மற்றதெல்லாம் வெறும் பித்தளை. இந்த வித்தியாசத்தை அப்போது நான் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

தகட்டில் வேலை செய்யும்போது ஃபேனைப் போட முடியாது, திருநெல்வேலியில் செப்டம்பரில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வெட்டுவதற்கு ரப்பர் பாய் ஆகாது, கத்தி அழுத்தும்போது கீழே அமுங்கி துண்டு வளைந்துவிடும், அதனால் ஒரு பழைய தரை டைல் மேல் வைத்து வெட்டினேன். எங்கள் மாடி மொசைக் தரை. மஞ்சள், காப்பி, கறுப்பு என்று புள்ளி புள்ளியாக இருக்கிற அந்தத் தரையில் ஒரு பித்தளைத் துணுக்கு தெறித்து விழுந்தால் கும்பிடு போட வேண்டியதுதான். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் துணுக்கின் நிழல் நீளமாக விழும், அப்படித்தான் மூன்றைக் கண்டுபிடித்தேன். நாலாவது இன்னும் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

டிசம்பர் 17

அன்று ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்று மதியம் எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளியே போக முடியாது, உட்கார்ந்து பெல்ட்டை ஒட்டி முடித்துவிடலாம் என்பதுதான்.

பெல்ட் ஒட்டவில்லை. இருக்கையின் வளைவுக்கு அது படியவில்லை. எஃகு அல்லவா, விரலை எடுத்ததும் வில் மாதிரி எழுந்து நின்றது. சூப்பர் க்ளூவை இன்னும் ஒரு சொட்டு விட்டேன். எழுந்தது. இன்னும் ஒரு சொட்டு. டயல் பேனலும் ஒரு பக்கம் தூக்கியிருந்தது, அதற்கு அடியிலும் நிறைய விட்டேன். எல்லாம் ஒருவழியாகப் படுத்தது, பசை இருக்கைக்குக் கீழே குளம் கட்டியிருந்தது வெளியே தெரியவில்லை.

சாயங்காலம் வண்ணார்பேட்டையிலிருந்து அத்தை குடும்பம் வந்துவிட்டது. தாமிரபரணி ஏறிக்கொண்டிருந்தது, அவர்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தாயிற்று. அத்தையின் பேரன்கள் இரண்டு பேர், ஒருத்தனுக்கு ஆறு வயது, இன்னொருத்தனுக்கு நாலு. மாடிக்கு வந்ததும் சின்னவன் கேட்டது, "மாமா, இது பறக்குமா?" பெரியவன் கேட்கவே இல்லை, கையை நீட்டிவிட்டான்.

பயந்துபோய், பிறகு ஒட்டலாம் என்று வைத்திருந்த கண்ணாடியை அப்போதே எடுத்து, ஓரத்தில் நாலு இடத்தில் அதே சூப்பர் க்ளூவைத் தொட்டு மூடினேன். மாடலை இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியில் வைத்தேன். பேரன்களிடமிருந்து காப்பாற்றியாயிற்று. மூன்று ராத்திரி அது அதற்குள்ளேயே இருந்தது. வீட்டில் அப்போது தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருந்தது.

யார் குற்றவாளி

முதலில் நீராவி படிந்ததோ என்று நினைத்தேன். அப்படியானால் பீரோ மேலே கிடந்த இரண்டு கோடையில் காய்ந்திருக்கும். அடுத்து மேட் வார்னிஷ் மேல் சந்தேகம், ஏனென்றால் ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் அது வெளுக்கும், பலருக்கும் நடந்திருக்கிறது. ஆனால் வார்னிஷ் அடித்தது வெளிப்பக்கம், அதுவும் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால்.

துப்பு அந்த ரேகைதான். கைரேகை நிபுணர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். சந்தேகப்படும் பொருளை ஒரு பெட்டிக்குள் வைத்து சூப்பர் க்ளூவைச் சூடாக்கினால், அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாத ரேகையின் வியர்வைக் கசிவில் படிந்து வெள்ளைப் பிளாஸ்டிக்காக இறுகும். 1970-களின் பிற்பாதியில் ஜப்பானில் போலீஸ் ஆய்வகத்தில் இது பிடிபட்டது. நான் காசு செலவில்லாமல் என் மாடலுக்குள் ஒரு தடயவியல் ஆய்வகத்தையே நடத்தியிருக்கிறேன்.

சூப்பர் க்ளூ காய்வதில்லை, இறுகுகிறது. பரப்பில் இருக்கும் துளி ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். மெல்லிசாக இருந்தால் நொடியில் முடிந்துவிடும். தடிமனாகக் குளம் கட்டினால் மேலே இறுகி உள்ளே திரவமாகவே கிடக்கும், அந்த மிச்சம் மெதுவாக ஆவியாகும். திறந்த இடமாக இருந்தால் காற்றோடு போய்விடும், மூடிய அறையாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் எதன் மேலாவது படியும், காற்றில் ஈரம் கூடக்கூட இன்னும் தாராளமாகப் படியும். (இதே பசை மே மாத வறட்சியில் சீக்கிரம் பிடிக்காது. ஒட்டிவிட்டு வாயால் ஒரு ஊது ஊதினால் மூச்சு ஈரத்தில் பிடித்துக்கொள்ளும்.)

இதைப் படித்தது ஒரு பக்கம், எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். மூடி போட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா நாலு வாங்கி, ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் கட்டைவிரலை அழுத்தி, உள்ளே ஒரு தகட்டுத் துண்டை ஒட்டினேன். அக்டோபர் கடைசி, மழை பிடித்த சமயம். முதல் டப்பாவில் அன்று விட்டது போலவே தாராளமாகப் பசை, உடனே மூடி. இரண்டாவதில் அதே அளவு, மூடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். மூன்றாவதில் ஊசி முனையால் தொட்ட அளவு, உடனே மூடி. நாலாவதில் தாராளம்தான், ஆனால் ஒரு முழு நாள் திறந்து வைத்துவிட்டு மூடினேன். முதல் டப்பா மறுநாள் காலையில் வெளுத்து, ரேகை பளிச்சென்று நின்றது. மற்ற மூன்றும் சுத்தம். நாலே டப்பாவை வைத்து அறிவியல் பேச முடியாது, என் வழக்குக்கு அது போதும்.

பட்டறையில்

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை, ஏன் அவ்வளவு பசை விட்டேன் என்ற கேள்வி இருக்கிறது. அது டவுனில் ஒரு நகைப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது.

போனது ஒரு நல்ல சாமணம் வாங்கலாம் என்று. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாவுக்குக் கம்மல் திருகு சரி செய்து தரும் ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபது வயது இருக்கும். எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்கப் போய், எதற்கு என்று அவர் கேட்க, பையிலிருந்து இருக்கையை (மாடலைப் பிரித்த கதை பின்னால் வருகிறது) எடுத்துக் காட்டினேன். கண்ணில் லென்சை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டுப் பசையவா தம்பி அப்பியிருக்கிய?"

"பெல்ட்டு தூக்கிக்கிட்டே நின்னுச்சு அண்ணாச்சி."

"தூக்குனா வளைச்சுல்லா வைக்கணும். பசைய வச்சா அமுக்குவாக?"

அப்புறம் ஒரு மோதிரத்தை எடுத்து விளக்கினார். மோதிரத்தின் இரண்டு முனையும் முடி நுழையாத அளவு பொருந்தியிருக்க வேண்டும், அப்புறம்தான் வெங்காரம் தடவி, பற்றவைக்கும் உலோகப் பொடி வைத்து ஊதுவது. பொருந்தினால் உருகிய பொடி தானே இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி இருந்தால் எவ்வளவு பொடி வைத்தாலும் ஒரு பக்கமாக உருண்டு நிற்கும். "பள்ளத்தப் பொடி அடைக்காது தம்பி. அது தூக்குத வேலையா செய்யும்?" என்றார்.

என்னிடம் மிச்சமிருந்த பித்தளைத் தகட்டில் ஒரு துண்டை வெட்டிக் கேட்டார். சாமணத்தில் பிடித்து, விளக்குச் சுடரில் ஊதுகுழலால் இரண்டு ஊது. ஓரம் மங்கலாகச் சிவந்ததும் எடுத்துவிட்டார். ஆறியதும் கையில் கொடுத்தார். காகிதம் மாதிரி, வளைத்த இடத்தில் அப்படியே நின்றது. தகடாக உருட்டும்போது விறைப்பேறிய பித்தளை, சூடு காட்டினால் இளகிவிடுகிறது. தடிமன் இல்லாத தகடு என்பதால் இன்னும் ஒரு நொடி வைத்திருந்தால் உருகிச் சுருண்டிருக்கும், அதையும் ஒரு துண்டில் செய்து காட்டினார்.

எஃகு பெல்ட்டையும் நீட்டினேன். கலர் அச்சைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், சாயம் கருகிவிடும் என்று. அங்கேதான் விஷயம் எனக்கு உறைத்தது. பித்தளைக்குச் செய்யக்கூடியதை அச்சடித்த எஃகுக்குச் செய்ய முடியாது. அதை ஒட்டுவதற்கு முன்பே, பல்குத்தும் குச்சியில் சுற்றிச் சுற்றி, இருக்கையின் வளைவை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, பசையே இல்லாமல் உட்கார்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் தட்டையாக எடுத்து, தட்டையாக வைத்து, வளைக்கும் வேலையைப் பசையிடம் விட்டேன். பெல்ட் எழுந்தது, எழுந்ததால் பசை கூடியது, குளத்தின் மேல் கண்ணாடியை மூடினேன். கண்ணாடி வெளுத்ததற்கு மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன், மழைக்குப் பாதிப் பங்குதான்.

சாமணத்துக்கு அவர் கடை சொல்லவில்லை. தன்னுடைய பழையது ஒன்றின் முனையை அரத்தில் இழைத்துக் கொடுத்துவிட்டார்.

பிரித்ததும் சேர்த்ததும்

கண்ணாடியைக் கழற்ற அசிட்டோன் தொட முடியாது, பசையோடு சேர்த்துக் கண்ணாடியையும் கரைத்துவிடும், அதுவும் பிளாஸ்டிக்தானே. இறுகிய சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வரும் என்பதால் மாடலை ஒரு கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன், சாளை மீனுக்குப் பக்கத்தில். அம்மா காலையில் மீன் எடுக்கப் போய் விமானத்தை எடுத்தாள், அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் வேலை செய்தது. ஓரத்தில் மெல்லிய பிளேடை நுழைத்து லேசாகத் திருகியதும் டக் டக்கென்று மூன்று இடம் விட்டது, நாலாவது சட்டத்தில் ஒரு கீறலோடு விட்டது.

உள்பக்க வெளுப்பை 2000, அடுத்து 3000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்தேன். தேய்த்தால் முதலில் இன்னும் மோசமாகும், மனசு விடக் கூடாது. அப்புறம் கார் பெயின்ட் கடையில் விற்கும் ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மூன்று சாயங்காலம். கடைசியில் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி, ஓரத்தை டிஷ்யூ பேப்பரில் தொட்டு வடித்து, தூசி படாமல் கிண்ணத்தால் மூடிக் காயவிட்டேன். முன்பக்கச் சட்டத்தின் மூலையில் பஞ்சு நுழையாத ஒரு இடத்தில் மட்டும் வெளுப்பு மிச்சம்.

பெல்ட்டை மறுபடி பயன்படுத்தவில்லை. பிய்த்தபோதே சாயம் உரிந்துவிட்டது. மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத்தாளை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, பெயின்ட் அடித்து, கொக்கியை மட்டும் பழைய தகட்டிலிருந்து எடுத்துக் கோத்தேன். துணி மாதிரி தொங்குகிறது. என் அபிப்பிராயத்தில் எட்ச் பெல்ட்டில் உருப்படியானது கொக்கி மட்டும்தான், துணியை உலோகத்தில் செய்வதே வம்பு. த்ராட்டில் கைப்பிடி மாதிரி உருண்டையான சாமான்களையும் தகட்டில் கொடுப்பார்கள், அவையும் தட்டையாகத் தெரியும், பெட்டியில் இருக்கிறது என்பதற்காகப் போட வேண்டியதில்லை. மூக்கின் மேலே வலது ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்கு இன்சுலின் ஊசியை வைத்தேன்.

வெறும் பித்தளைப் பாகங்களுக்கு இந்த முறை புளி. குத்துவிளக்குத் தேய்க்கிற அதே கரைத்த புளியில் தகட்டை அஞ்சு நிமிஷம் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் கை எண்ணெயும் கறையும் போய்விடுகிறது, பிரைமர் நன்றாகப் பிடிக்கிறது. ஒட்டும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்டினேன். பெயின்ட் மேல் ஒட்டினால் அது பெயின்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக்கை அல்ல. டயல் பேனலும் முதலில் தூக்கியதற்கு அதுதான் காரணம். பசையை ஒரு டைலில் ஒரு சொட்டு விட்டு, ஊசிக் காதை உடைத்த கவட்டையில் தொட்டுத் தொட்டு வைத்தேன். வைத்ததை இரண்டு நாள் திறந்தே போட்டேன்.

கண்ணாடிக்கு ஃபெவிகால். வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் நிறமில்லாமல் போகும், இப்படி ஆவி விடாது. பழைய எஃப்.எல். ரகத்தில் கண்ணாடி முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும், பிஸ்-இல் வலப்பக்கம் சாயும். சாய்த்தே ஒட்டிவிட்டேன், இனிமேல் மூடுவதாக இல்லை. உள்ளே அந்தப் பச்சையும் நீலமும் கலந்த நிறம், எங்கள் பழைய வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிப்பார்களே அந்த நிறம், இப்போது நேராகத் தெரிகிறது.

போன வாரம் டவுனுக்கு எடுத்துப்போய் ஆசாரியிடம் காட்டினேன். பட்டறை வாசலில் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிப் போய் அரித்துப் பொன் எடுக்கிற ஒருவர் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார், அவரும் எட்டிப் பார்த்தார். ஆசாரி லென்சை வைத்து பெல்ட்டைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அப்புறம் முன்சட்டத்து மூலையைச் சரியாகக் கண்டுபிடித்து, "இங்கன கொஞ்சம் விட்டுட்டிய" என்றார்.